ஆபரேஷனுக்கு முன் டாக்டரே கண்ணில் விடும் கிருமிநாசினி... அதையே வீட்டில் விட்டால் ஏன் ஆபத்து? கண்ணில் பட்டால் உடனே என்ன செய்யணும்?

கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களைக் கேட்டால் ஒரு விஷயம் சொல்வார்கள். ஆபரேஷன் தொடங்கும் முன் கண்ணைச் சுற்றி பழுப்பு நிறத்தில் ஒரு திரவம் தடவினார்கள், கண்ணுக்குள்ளேயும் சில சொட்டு விட்டார்கள் என்று. அந்தத் திரவத்தின் பெயர் பொவிடோன் அயோடின். அடிபட்ட காயத்துக்கு வீட்டில் போடுகிறோமே, அதே பழுப்பு மருந்து.

டாக்டரே கண்ணுக்குள் விடுகிறார் என்றால் அது கண்ணுக்குப் பாதுகாப்பானது என்று தானே நினைக்கத் தோன்றும்? கண் சிவந்தால், உறுத்தினால், 'மெட்ராஸ் ஐ' வந்தால் வீட்டில் இருக்கும் கிருமிநாசினியை இரண்டு சொட்டு தண்ணீரில் கலந்து கண்ணைக் கழுவலாமா என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

பதில்: கூடாது. ஆபரேஷன் தியேட்டரில் பார்வையைக் காப்பாற்றும் மருந்து, வீட்டில் பார்வையைக் கெடுக்கவும் முடியும். எந்த அளவு அடர்த்தி, கூடவே என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு நேரம் கண்ணில் இருந்தது, பிறகு எப்படிக் கழுவினார்கள் என்ற நான்கு விஷயங்கள்தான் இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம். அதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கண்ணின் மேற்பரப்பு எதனால் ஆனது?

கண்ணுக்கு முன்னால் கண்ணாடி போல இருக்கும் பகுதிதான் கருவிழி. இதன் தடிமன் நடுவில் சுமார் அரை மில்லிமீட்டர்தான். இந்த அரை மில்லிமீட்டர் தெளிவாக இருந்தால்தான் வெளிச்சம் உள்ளே போகும், பார்வை கிடைக்கும்.

கருவிழிக்கு மேலே கண்ணீர்ப் படலம் இருக்கிறது. அதற்கு அடுத்து 5 முதல் 7 அடுக்கு செல்களால் ஆன மேல்தோல். கிருமிகள் உள்ளே புகாமல் தடுக்கும் காவல் இதுதான். இது உரிந்தாலும் சாதாரணமாக ஓரிரு நாட்களில், பெரும்பாலும் மூன்று நாட்களுக்குள், திரும்ப வளர்ந்துவிடும். கருவிழியும் வெள்ளை விழியும் சந்திக்கும் விளிம்பில் இருக்கும் ஸ்டெம் செல்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன.

கருவிழியின் உள்பக்கக் கடைசியில் ஒரே ஒரு அடுக்கு செல்கள் இருக்கின்றன. கருவிழிக்குள் சேரும் நீரை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும் மோட்டார் மாதிரி இவை. இந்தச் செல்கள் செத்துப்போனால் மனிதர்களுக்குத் திரும்ப வளராது. நிறைய செல்கள் போய்விட்டால் கருவிழி நீர் கோர்த்து வீங்கி, மங்கலாகிவிடும்.

இன்னொரு விஷயம், உடம்பிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் கருவிழியும் ஒன்று. அதனால்தான் ஒரு சின்னத் தூசி விழுந்தாலும் உயிரே போகிற மாதிரி வலிக்கிறது. இந்த வலி கண்ணுக்கான அலாரம். அந்த அலாரம் வேலை செய்யாத நேரத்தில் என்ன நடந்தது என்பதை கீழே பார்ப்போம்.

தோலுக்கு ஆகும் மருந்து கண்ணுக்கு ஏன் ஆகாது?

கிருமிநாசினிக்கு ஆள் பார்த்து அடிக்கத் தெரியாது. ஆன்டிபயாட்டிக் மருந்து பாக்டீரியாவுக்கு மட்டுமே உள்ள ஒரு பாகத்தைக் குறிவைத்து வேலை செய்யும். கிருமிநாசினி அப்படியில்லை. செல்லின் சுவரை உடைப்பது, புரதத்தை உறைய வைப்பது, ஆக்சிஜனேற்றம் செய்வது என்று முரட்டுத்தனமாக வேலை செய்யும். எதிரில் இருப்பது பாக்டீரியாவா, நம் கண் செல்லா என்று அது பார்ப்பதில்லை.

கையில் ஊற்றினால் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்கலாம். கைத்தோலின் மேலே செத்த செல்கள் அடுக்கடுக்காகக் கவசம் மாதிரி இருக்கின்றன. கிருமிநாசினி முதலில் மோதுவது அந்தக் கவசத்தில்தான். கண்ணுக்கு அந்தக் கவசம் கிடையாது. மேலே கண்ணீர், அதற்குக் கீழே உடனே உயிருள்ள செல்கள். அவ்வளவுதான்.

அப்படின்னா டாக்டர்கள் மட்டும் ஏன் விடுறாங்க?

ஏனென்றால் அந்த நேரத்தில் எதிரில் நிற்கும் ஆபத்து அதைவிடப் பெரியது. நம் இமையிலும் கண் ஓரத்திலும் எப்போதும் பாக்டீரியாக்கள் இருக்கும். சும்மா இருக்கும்போது அவற்றால் தொல்லை இல்லை. ஆபரேஷனில் கண்ணைத் திறக்கும்போது அவை உள்ளே போய்விட்டால் 'எண்டாஃப்தல்மைட்டிஸ்' என்ற கடுமையான தொற்று வரலாம். வந்தால் பார்வை மட்டுமல்ல, சில சமயம் கண்ணே போய்விடும்.

இது அபூர்வம்தான். நல்ல மருத்துவமனைகளில் ஆயிரம் கண்புரை ஆபரேஷனில் ஒன்றுக்கும் குறைவாகவே இது நடக்கிறது. ஆனால் வந்தவருக்கு அது நூறு சதவீத இழப்பு.

இதைத் தடுக்க பொவிடோன் அயோடின் உதவுமா என்று நியூயார்க்கில் ஒரு முக்கியமான ஆய்வு நடந்தது. முடிவு 1991-ல் வெளியானது. ஒரு பகுதி ஆபரேஷன் தியேட்டர்களில் 5 சதவீத பொவிடோன் அயோடினும், இன்னொரு பகுதியில் வெள்ளி கலந்த பழைய மருந்தும் பயன்படுத்தினார்கள். பரிசோதனையில் கிருமி உறுதியான தொற்று, வெள்ளி மருந்து விட்டவர்களில் 0.24 சதவீதம், பொவிடோன் அயோடின் விட்டவர்களில் 0.06 சதவீதம். அதாவது நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது.

இன்று கண் ஆபரேஷனுக்கு முன் பொவிடோன் அயோடின் விடுவது உலகம் முழுவதும் வழக்கம். ஐரோப்பிய கண்புரை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல், மருந்து குறைந்தது 3 நிமிடமாவது கண்ணில் இருக்க வேண்டும் என்கிறது.

அதை எப்படி விடுகிறார்கள் என்பதையும் கவனிக்கணும். முதலில் கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு. பிறகு கிருமி நீக்கப்பட்ட, கண்ணுக்கான அடர்த்தியில் தயாரான பொவிடோன் அயோடின். கடிகாரம் பார்த்துக் காத்திருப்பு. பிறகு சுத்தமான சலைன் திரவத்தால் நன்றாகக் கழுவுதல். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் கணக்கு மாறிவிடும்.

இது புதுசா வந்த பழக்கமா?

இல்லை. கண்ணில் கிருமிநாசினி விடும் வழக்கத்துக்கு 140 வருடத்துக்கு மேல் வரலாறு உண்டு. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பிறந்த குழந்தைகள் பலருக்கு, பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றிய கொனோரியா கிருமியால் பார்வை போனது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் கிரேடே என்ற மகப்பேறு மருத்துவர், 1880-களின் தொடக்கத்தில், பிறந்ததும் குழந்தையின் கண்ணில் 2 சதவீத சில்வர் நைட்ரேட் சொட்டு விடும் முறையைக் கொண்டுவந்தார். அவரது மருத்துவமனையில் சுமார் 10 சதவீதமாக இருந்த தொற்று 1 சதவீதத்துக்கும் கீழே போனது.

ஆனால் அதற்கும் ஒரு விலை இருந்தது. சில்வர் நைட்ரேட் விட்ட குழந்தைகள் பலருக்கு அந்த மருந்தாலேயே கண் சிவந்து வீங்கியது. இதைவிட மென்மையான மருந்து வேண்டும் என்ற தேடல் தொடர்ந்தது. கென்யாவில் 3,117 பச்சிளம் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 1995-ல் வெளியானது. அதில் 2.5 சதவீத பொவிடோன் அயோடின், சில்வர் நைட்ரேட், எரித்ரோமைசின் களிம்பு மூன்றையும் ஒப்பிட்டார்கள். தொற்று ஏற்பட்டது முறையே 13.1, 17.5, 15.2 சதவீதக் குழந்தைகளுக்கு. தொற்று இல்லாமல் மருந்தால் மட்டும் வரும் கண் அழற்சியும் பொவிடோன் அயோடின் பிரிவில்தான் குறைவு.

ஆக, கிருமியைக் கொல்லணும், கண்ணைக் காயப்படுத்தக் கூடாது என்ற இழுபறி அன்றிலிருந்து இன்று வரை நடந்துகொண்டேதான் இருக்கிறது.

அடர்த்தி கூடினா நல்லா வேலை செய்யுமா?

இங்கேதான் ஆச்சரியம். பொவிடோன் அயோடினைப் பொறுத்தவரை 'அதிகம் ஊற்றினால் அதிகப் பலன்' என்ற கணக்கு பொய்.

இந்த மருந்தில் அயோடின், பொவிடோன் என்ற பொருளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒட்டாமல் தனியாக மிதக்கும் அயோடின்தான் கிருமியைக் கொல்லும். அளவாகத் தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்யும்போது பிடிப்பு தளர்ந்து தனி அயோடின் அதிகமாகிறது. 1982-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், முழு அடர்த்தி மருந்தில் 2 நிமிடம் தாக்குப்பிடித்த பாக்டீரியா, நூறு மடங்கு நீர்த்த கரைசலில் 15 விநாடிகூடத் தாங்கவில்லை.

ஜப்பான் மருத்துவர்கள் இதை வைத்தே ஒரு முறையை உருவாக்கினார்கள். வெறும் 0.25 சதவீத பொவிடோன் அயோடினால், ஆபரேஷன் நடக்கும்போதே 20 முதல் 30 விநாடிக்கு ஒருமுறை கண்ணின் மேற்பரப்பைக் கழுவிக்கொண்டே இருப்பது. இதனால் கருவிழியின் உள் அடுக்கு செல்கள் கூடுதலாகப் பாதிக்கப்படவில்லை என்று 2011-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு சொன்னது.

'சரி, அப்போ வீட்டிலேயே தண்ணீர் கலந்து விடலாமே' என்று நினைத்தால், அங்கேதான் தவறு. நீர்த்த கரைசலில் அயோடின் இருப்பு குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால்தான் அரை நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாக விடுகிறார்கள். வீட்டுக் குழாய்த் தண்ணீரும் டம்ளரும் கிருமி நீக்கப்பட்டவை அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் இருக்கும் பாட்டிலில் என்னென்ன கலந்திருக்கிறது என்பது வேறு கதை.

பாட்டிலில் மறைந்திருக்கும் ஆபத்து: நுரை வரும் பொருள்

பொவிடோன் அயோடின் என்ற ஒரே பெயரில் கடையில் பல வகை கிடைக்கும். காயத்துக்கான கரைசல், களிம்பு, வாய் கொப்பளிக்கும் திரவம், ஆபரேஷனுக்கு முன் டாக்டர்கள் கை கழுவும் 'ஸ்க்ரப்' என்று. நிறம் ஒன்றுதான், உள்ளே இருப்பது ஒன்றல்ல.

ஸ்க்ரப் வகையில் சோப்பு போல நுரை வரவைக்கும் டிடர்ஜென்ட் இருக்கும். வாய் கொப்பளிக்கும் வகையில் ஆல்கஹால், மணமூட்டிகள் இருக்கலாம். 1984-ல் முயல்களின் கண்களில் பல கிருமிநாசினிகளைச் சோதித்த ஓர் ஆய்வில், டிடர்ஜென்ட் கலக்காத பொவிடோன் அயோடின் கருவிழியை மிகக் குறைவாகவே பாதித்தது. டிடர்ஜென்ட் கலந்தவை மேல்தோலை உரித்து, கருவிழியை வீங்க வைத்தன.

காரணம் எளிது. எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பதுதான் டிடர்ஜென்ட்டின் வேலை. கண்ணீர்ப் படலத்தின் மேலே ஒரு எண்ணெய் அடுக்கு இருக்கிறது. செல்களின் சுவரும் கொழுப்பால் ஆனது. டிடர்ஜென்ட் இரண்டையும் கரைத்து, மருந்து ஆழமாக இறங்க வழி செய்துவிடும்.

மயக்கத்தில் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது?

குளோர்ஹெக்சிடின் என்ற இன்னொரு கிருமிநாசினி மருத்துவமனைகளில் அதிகம் பயன்படுகிறது. நிறமில்லாமலோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். தோலுக்கு மிக நல்ல மருந்து.

1980-களின் பிற்பகுதியில் அமெரிக்க மருத்துவ இதழ்களில் வரிசையாகச் சில சம்பவங்கள் பதிவாகின. முகத்திலோ தலையிலோ ஆபரேஷன் செய்வதற்கு முன், டிடர்ஜென்ட் கலந்த 4 சதவீத குளோர்ஹெக்சிடினால் தோலைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். அதில் கொஞ்சம் கண்ணுக்குள் வழிந்திருக்கிறது. நோயாளி மயக்கத்தில் இருந்ததால் 'எரியுது' என்று சொல்ல முடியவில்லை. வலி என்ற அலாரம் அடிக்கவே இல்லை. மருந்து கழுவப்படாமல் கண்ணிலேயே தங்கிவிட்டது.

மேல்தோல் உரிந்ததோடு நிற்கவில்லை. மருந்து ஆழமாக இறங்கி, திரும்ப வளராத அந்த உள் அடுக்கு செல்களையும் கொன்றது. கருவிழி வீங்கி மங்கியது. சிலருக்குக் கருவிழி மாற்று சிகிச்சை வரை போக வேண்டியிருந்தது. கண்ணுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் ஆபரேஷனுக்காகப் படுத்தவர்கள் அவர்கள். இந்த மருந்தின் பாட்டில்களில் 'கண்ணிலும் காதிலும் படக்கூடாது' என்று எச்சரிக்கை இருப்பது சும்மா இல்லை.

அப்படியானால் குளோர்ஹெக்சிடின் கண்ணுக்கு விஷமா? அதுவும் இல்லை. டிடர்ஜென்ட், ஆல்கஹால் எதுவும் இல்லாத, வெறும் 0.05 முதல் 0.1 சதவீதக் கரைசலை, அயோடின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கண் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். 'அக்காந்தமீபா' என்ற அமீபாவால் கருவிழியில் வரும் தொற்றுக்கு 0.02 சதவீத குளோர்ஹெக்சிடின் சொட்டு ஒரு முக்கிய மருந்து. 4 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது 200-ல் ஒரு பங்கு. பெயர் ஒன்றுதான். ஒன்று காக்கும், இன்னொன்று கெடுக்கும்.

சானிடைசர்: குழந்தைகளின் கண் உயரத்தில் இருந்த ஆபத்து

கொரோனா காலத்தில் கடை, பள்ளி, ஆபீஸ் என எல்லா வாசலிலும் சானிடைசர் நின்றது. காலால் அழுத்தினால் பீய்ச்சும் ஸ்டாண்ட்கள் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தன. பெரியவர்களுக்கு அது இடுப்பு உயரம். சின்னக் குழந்தைக்கு அது நேராகக் கண் உயரம்.

பிரான்ஸ் நாட்டு விஷ முறிவு மையங்களின் பதிவுகளை ஆராய்ந்த மருத்துவர்கள் 2021 ஜனவரியில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குழந்தைகளின் கண்ணில் ரசாயனம் பட்ட சம்பவங்களில் சானிடைசரின் பங்கு 2019-ல் 1.3 சதவீதம். 2020-ல் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையான காலத்தில் 9.9 சதவீதம். ஏறக்குறைய ஏழு மடங்கு. பாரிஸில் உள்ள ஒரு கண் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளில் இரண்டு பேருக்கு, நஞ்சுக்கொடியோடு இருக்கும் அம்னியான் சவ்வை எடுத்துக் கண்ணில் பொருத்தும் ஆபரேஷன் தேவைப்பட்டது. அதே நேரத்தில் இந்தியாவிலும் 4, 5 வயதுக் குழந்தைகளுக்கு இப்படிக் காயம் ஏற்பட்டதை சண்டிகர் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

ஆல்கஹால் கண்ணை என்ன செய்யும் என்பதற்குக் கண் மருத்துவத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கண்ணாடி பவரைச் சரிசெய்யும் ஒருவகை லேசர் சிகிச்சையில் கருவிழியின் மேல்தோலை டாக்டர்களே அகற்றுவார்கள். அதற்கு சுமார் 20 சதவீத ஆல்கஹாலை 20 முதல் 40 விநாடி வைத்தாலே போதும், மேல்தோல் கழன்று வந்துவிடும். சானிடைசரில் இருப்பது 60 முதல் 80 சதவீத ஆல்கஹால். போதாக்குறைக்கு அது ஜெல். தண்ணீர் போல வழிந்து ஓடாது, ஒட்டிக்கொண்டு நிற்கும்.

வீட்டு அலமாரியில் இருப்பவை

டெட்டால் திரவத்தில் இருப்பது குளோரோசைலெனால். கூடவே ஆல்கஹாலும் பைன் எண்ணெய் வகைப் பொருட்களும் உண்டு. சாவ்லான் திரவத்தில் குளோர்ஹெக்சிடினும் செட்ரிமைடும் இருக்கின்றன. செட்ரிமைடு, டிடர்ஜென்ட் வகையைச் சேர்ந்தது. தரை துடைக்க, காயம் கழுவ, லேபிளில் சொன்னபடி பயன்படுத்த இவை சரி. கண்ணில் விட்டால் ரசாயனக் காயம்தான்.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்கணும். லென்ஸ் சுத்தம் செய்யும் சில திரவங்களில் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கும். கூடவே வரும் சிறப்பு டப்பாவில் 6 மணி நேரம் ஊறினால் அது சாதாரண நீராக மாறிவிடும். அவசரத்தில் பாட்டிலில் இருந்து நேராக லென்ஸில் ஊற்றிக் கண்ணில் வைத்தால் கடும் எரிச்சலும் காயமும் வரும்.

'மெட்ராஸ் ஐ'க்கு கிருமிநாசினி தண்ணி உதவுமா?

உதவாது. 'மெட்ராஸ் ஐ' பெரும்பாலும் வைரஸால் வருவது. ஒன்று, இரண்டு வாரத்தில் தானாகவே குறையும். அந்த நேரத்தில் கிருமிநாசினி கலந்த தண்ணீரால் கழுவினால் ஏற்கெனவே புண்ணாக இருக்கும் மேற்பரப்பு இன்னும் உரியும். காவல் போன இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் புகுந்தால் அது கருவிழிப் புண் ஆகிவிடும்.

தமிழ்நாட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மதுரை மாவட்டத்தை வைத்துச் செய்யப்பட்டு 1996-ல் வெளியான ஆய்வு, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டது. மதுரையில் நடந்த இன்னோர் ஆய்வில், கிருமி கண்டறியப்பட்ட புண்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் பூஞ்சை. வயலில் நெல் தாள், இலை பட்டு ஏற்படும் சின்னக் கீறல்தான் பலருக்கு ஆரம்பம். அந்தக் கீறலில் தாய்ப்பால், மூலிகைச் சாறு, டெட்டால் தண்ணீர் என்று எதை விட்டாலும், சரியான சிகிச்சைக்கான நேரம்தான் வீணாகும். பூஞ்சைப் புண் ஆழமாக இறங்கிய பிறகு மருந்தால் மட்டும் காப்பாற்றுவது கஷ்டம்.

கண்ணில் பட்டுவிட்டால் உடனே என்ன செய்யணும்?

இங்கே நிமிடங்கள் முக்கியம். ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்கு முன்பே சிகிச்சை தொடங்கிவிட வேண்டும். அந்த முதல் சிகிச்சை, தண்ணீர்.

1. உடனே ஓடும் தண்ணீரில் கண்ணைக் கழுவுங்கள். குடிக்கும் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எது கைக்கு எட்டுகிறதோ அது. சலைன் தேடிக்கொண்டு நேரத்தை விடாதீர்கள்.

2. குறைந்தது 15 முதல் 20 நிமிடம் கழுவ வேண்டும். 'எரிச்சல் நின்னுடுச்சு' என்று இரண்டு நிமிடத்தில் நிறுத்தக் கூடாது. கடிகாரத்தைப் பாருங்கள்.

3. தலையைச் சாய்த்து, பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் வழியும் தண்ணீர் நல்ல கண்ணுக்குள் போகாது.

4. வலியில் கண் இறுக மூடிக்கொள்ளும். விரலால் இமைகளை விரித்துப் பிடித்து, கண்ணை மேலே, கீழே, இருபக்கமும் உருட்டச் சொல்லுங்கள். இமைக்கு அடியில் தங்கும் மருந்துதான் அதிகம் கெடுக்கும்.

5. கான்டாக்ட் லென்ஸ் இருந்தால், கழுவத் தொடங்கிவிட்டு அதைக் கழற்றிவிடுங்கள். லென்ஸைக் கழற்றுவதற்காகக் கழுவுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

6. குழந்தையாக இருந்தால் கைகள் வெளியே வராதபடி துண்டால் சுற்றி ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மூக்குப் பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் ஊற்றலாம்.

7. பிறகு கண் மருத்துவரிடம் போங்கள். பட்ட மருந்தின் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள், அல்லது லேபிளை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் சிகிச்சை.

செய்யவே கூடாதவை

கண்ணைத் தேய்க்கக் கூடாது. எலுமிச்சை, வினிகர், சோடா உப்பு என்று எதையாவது போட்டு 'முறிக்க' முயற்சிக்கக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், பன்னீர் எதுவும் வேண்டாம். பழைய சொட்டு மருந்து வீட்டில் கிடந்தால், குறிப்பாக ஸ்டீராய்டு கலந்தது, டாக்டர் சொல்லாமல் விடக் கூடாது. கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டை வாங்கி அடிக்கடி விடுவதும் தவறு. வலி தெரியாது, ஆனால் புண் ஆறுவது நின்றுபோகும்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

தேவைப்பட்டால் முதலில் மறுபடியும் கழுவுவார்கள். சின்னக் காகிதத் துண்டால் கண்ணின் அமிலத் தன்மையைப் பார்த்து, அது இயல்புக்கு வரும் வரை கழுவுவது தொடரும். பிறகு ஃபுளோரசின் என்ற ஆரஞ்சு நிறச் சாயத்தைத் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். மேல்தோல் உரிந்த இடம் பச்சையாக மின்னும். எவ்வளவு பரப்பு, விளிம்பில் உள்ள ஸ்டெம் செல்கள் பாதிக்கப்பட்டதா என்பது இதில் தெரியும்.

லேசான காயம் என்றால் ஆன்டிபயாட்டிக் சொட்டு, செயற்கைக் கண்ணீர் போதும், சில நாளில் ஆறிவிடும். பெரிய காயம் என்றால் கட்டு போல வேலை செய்யும் லென்ஸ், அம்னியான் சவ்வு என்று சிகிச்சை நீளும்.

ஆபரேஷன் செய்தவர்களுக்கு வரும் சந்தேகங்கள்

*ஆபரேஷன் முடிந்த பிறகு கண் உறுத்துகிறது, அலர்ஜியா?*

பொவிடோன் அயோடின் மேல்தோலைக் கொஞ்சம் உலர்த்தும். முதல் ஓரிரு நாள் மணல் விழுந்த மாதிரி உறுத்துவது சகஜம். இது அலர்ஜி அல்ல, மேற்பரப்பில் ஏற்படும் தற்காலிக எரிச்சல். கண்ணுக்குள் மாதாமாதம் ஊசி போடும் சர்க்கரை நோயாளிகளுக்கு ஒவ்வொரு முறையும் இது வரலாம். எரிச்சல் அதிகமாக இருந்தால் 'மருந்தை நன்றாகக் கழுவிவிடுங்கள்' என்று தயங்காமல் கேட்கலாம்.

*மீன், இறால் ஒத்துக்காது. அயோடின் விடலாமா?*

விடலாம். மீன், இறால் அலர்ஜிக்குக் காரணம் அவற்றில் உள்ள புரதம், அயோடின் அல்ல. பொவிடோன் அயோடினுக்கே உண்மையான அலர்ஜி மிக அபூர்வம். முன்பு இந்த மருந்து பட்டு உடம்பில் தடிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால் மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மாற்று மருந்து இருக்கிறது.

*எரியும்னு பயமா இருக்கு, அந்தப் பழுப்பு மருந்து வேண்டாம்னு சொல்லலாமா?*

சொல்லாதீர்கள். இரண்டு நாள் உறுத்தலுக்குப் பயந்து, கண்ணே போகக்கூடிய தொற்றுக்கு வழிவிடுவதாகிவிடும்.

*எப்போ உடனே ஓடணும்?*

ஆபரேஷன் ஆன பிறகு நாளாக ஆக வலி கூடினால், பார்வை குறைந்தால், கண் அதிகமாகச் சிவந்தால், சீழ் வந்தால் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்கக் கூடாது. அன்றே, அந்த நேரமே போக வேண்டும். அது மருந்தின் எரிச்சல் இல்லை, தொற்றாக இருக்கலாம்.

வீட்டில் இன்றைக்கே செய்யக்கூடியது

கண் சொட்டு மருந்தையும் கிருமிநாசினியையும் ஒரே டப்பாவில் வைத்திருந்தால் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். காது சொட்டு, பசை, நகப்பூச்சு கழுவும் திரவம் எல்லாம் கண் சொட்டு மாதிரியே சின்ன பாட்டிலில்தான் வரும். ராத்திரி அரைத் தூக்கத்தில், கண்ணாடி போடாமல் எடுத்து மாற்றி விடுவதுதான் பல வீடுகளில் நடக்கும் விபத்து. சானிடைசர், டெட்டால் எதுவாக இருந்தாலும் குழந்தையின் கைக்கும் கண்ணுக்கும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். சொட்டு விடும் முன் விளக்கைப் போட்டு, பாட்டிலில் 'கண்ணுக்கு' என்று இருக்கிறதா என ஒருமுறை படித்துவிட்டுத் திறங்கள்.